வெறும் வயிற்றில் வந்தவர்கள்

சி.டி. அறையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். தள்ளுவண்டியில் வருகிறவரைத் தூக்கி மேசையில் படுக்கவைப்பது, நெஞ்சில் ஈ.சி.ஜி. பட்டை ஒட்டுவது, முடிந்ததும் இறக்கிவிடுவது. இதுதான் வேலை. படித்தது எட்டாவது. அதிலும் கணக்கில் கோட்டை விட்டவன்.

போன மாதம் ஓய்வு கொடுத்தார்கள். சால்வை போட்டார்கள். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லச் சொன்னார்கள். எழுதித் தருகிறேன் என்றேன். எழுதினால் நடுவில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

மெஷினைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எந்தப் பட்டனை எப்போது அமுக்க வேண்டும் என்று தடியாக ஒரு புத்தகமே அலமாரியில் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன். அது என் தப்பு. அதனால்தான் புத்தகத்தில் இல்லை.

வில்லியனூர் தாண்டி இருக்கும் நம் ஆஸ்பத்திரிக்கு இதயத்தைப் படம் எடுக்கும் புது மெஷின் வந்தது. ரிப்பன் வெட்டினார்கள். பழைய மெஷினில் தலை, வயிறு, முதுகு எடுத்துக்கொண்டிருந்தோம். தலையை அசைக்காதே என்றால் ஜனங்கள் அசைக்க மாட்டார்கள். இதயத்தை அசைக்காதே என்று யாரிடம் சொல்வது. துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே அது ஒரு கணம் சும்மா இருக்கும். அந்தக் கணத்தில் எடுத்துவிட வேண்டும். மெதுவாகத் துடித்தால் அந்தக் கணம் நீளம். வேகமாகத் துடித்தால் படம் மங்கும். நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். இதுவே போதுமானதாக இருந்தது.

அதிகம் வந்தவர்கள் வால்வு கெட்டவர்கள். வால்வில் சுண்ணாம்பு படிந்து, கதவு துருப்பிடித்த மாதிரி பாதிதான் திறக்கும். வயதானவர்களுக்கு நெஞ்சைப் பிளக்காமல் தொடை ரத்தக்குழாய் வழியாகப் புது வால்வைக் கொண்டுபோய் வைக்கிறார்கள். அதற்கு முன்னால் வால்வு உட்காரும் வளையத்தை அளக்க வேண்டும். அளப்பது நம் படத்தை வைத்துத்தான். சின்ன சைஸ் வைத்தால் ஒழுகும், நகரும். பெரிய சைஸ் வைத்தால் கிழியும். சட்டை தைப்பது மாதிரி இல்லை. தைத்த பிறகு பிரிக்க முடியாது.

இந்த ஸ்கேனுக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் போன் செய்து சொல்வது என் பொறுப்பு. நேரம், என்ன துணி, யாரைத் துணைக்கு அழைத்து வருவது. கூடவே, வெறும் வயிற்றில் வர வேண்டும். படம் தெளிவாகத் தெரிய ரத்தத்தில் ஒரு மருந்து ஏற்றுவோம், அப்போது சிலருக்குக் குமட்டும். வாந்தி வந்தால் மேசை பாழ். அதைத் துடைப்பவன் நான்.

இருபத்தாறு வருடத்தில் எனக்கு அதிகாரம் இருந்தது இந்த ஒரு விஷயத்தில்தான். அதை விடவில்லை. காலையில் வந்தவர்களை வரிசையாக உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி முகர்ந்து பார்ப்பேன். பேருந்து நிறுத்தத்தில் அரை டீ குடித்தேன் என்று உண்மையைச் சொன்ன ஒருவரைத் திருப்பி அனுப்பினேன். அவர் திருவாண்டார்கோயிலில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர். என் மேசையில் வாந்தி எடுத்தவர் ஒருவர்கூடக் கிடையாது. டெக்னீஷியன்கள் அதைச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். நானும் சும்மா கேட்டுக்கொண்டு நிற்பேன்.

மேசை சுத்தமாக இருந்தது. படம்தான் மங்கலாக வந்தது.

எல்லாருக்கும் இல்லை. வால்வுக்காரர்களுக்குத்தான் அதிகம். சென்னையிலிருந்து இன்ஜினியர் வந்தார். மெஷின் சரியாக இருக்கிறது, நோயாளிகள் சரியில்லை என்றார். நோயாளி சரியாக இருந்தால் இங்கே எதற்கு வரப்போகிறார் என்று நான் கேட்கவில்லை. டெக்னீஷியன், மெஷின்தான் சரியில்லை என்றார். படம் பார்க்கும் டாக்டர் இரண்டுமே சரியில்லை என்றார். ஏ.சி.யைக் குறைத்தார்கள், கூட்டினார்கள். ஆயுத பூஜைக்கு மெஷின் முன்னால் பூசணிக்காய் உடைத்தோம். அதன் பிறகு இரண்டு நாள் நன்றாக வந்தது. அதைப் பற்றியும் மூன்றாம் நாள் வரை பேசினார்கள்.

ஒரே ஒரு படம் மட்டும் யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு வந்தது. பண்டசோழநல்லூர் கரும்புக்காரர் ஒருவருடையது. எழுபது வயதுக்கு மேல். அன்றைக்கு இன்ஜினியரும் அறையில் இருந்தார். நான் வழக்கம்போலக் கேட்டேன்.

"காலைல இன்னா சாப்ட்டீங்க?"

"பச்சத் தண்ணி பல்லுல படல."

மீசையில் தேங்காய்ச் சட்னி இருந்தது.

"மீசைல இன்னாங்க?"

"அது நேத்துது."

வேறு நாளாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். அன்றைக்கு இன்ஜினியர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அடுத்த ஆள் வரவில்லை. சட்னியைத் துடைத்துவிட்டுப் படுக்கவைத்தேன். படம் கண்ணாடி மாதிரி வந்தது. இன்ஜினியர் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு நடைபாதையில் மாட்டச் சொன்னார். தான் அன்று காலையில் செய்த ஏதோ திருத்தத்தால் வந்தது என்றார். நாங்கள் நம்பினோம். அவர் தொப்பென்று ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் போட்டார். நம்பாமல் என்ன செய்வது.

அஞ்சலாட்சி வந்தது அதற்கு அடுத்த மாதம். பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். பனித்திட்டுக்காரி. பாகூர் சந்தையில் மீன் விற்கிறவள். அறுபத்தெட்டு வயது. கூடையைத் தூக்கினால் நெஞ்சு அடைக்கிறது என்று ஆரம்பித்து, கடைசியில் உட்கார்ந்து மீன் வெட்டினாலே மூச்சு வாங்கும் நிலைக்கு வந்திருந்தாள். மகள் சுமதி கூட வந்தாள். அஞ்சலாட்சி என்னைத் தம்பி என்றாள். எனக்கு அப்போது ஐம்பத்தாறு. நான் யக்கா என்றேன்.

மெஷினில் ஒரு பெண் குரல் பதிவு இருக்கும். உங்களுக்குத் தெரியும். மூச்சை உள்ளிழுத்து அடக்கவும், இப்போது மூச்சு விடவும் என்று செய்தி வாசிப்பது மாதிரி சொல்லும். குரல் வந்ததும் அஞ்சலாட்சி படுத்தபடியே தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"யாருப்பா அந்தப் பொம்பள? எங்க கீது?"

"மெஷின் யக்கா. அது சொல்றத செய்யி. நல்லா இழுத்துப் புடி."

நல்லா இழுத்துப் பிடி என்பது நான் எல்லாருக்கும் சொல்வது. சத்தமாகச் சொல்வேன். அவள் நல்லாவே இழுத்தாள். கன்னம் உப்பி, கழுத்து நரம்பு புடைத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். திரையில் துடிப்பு தொண்ணூற்றெட்டு. படத்தில் வால்வு வளையம் ஒன்றுக்கு இரண்டாகத் தெரிந்தது. தண்ணீரில் விழுந்த வளையல் மாதிரி ஆடியது.

இதய டாக்டர் ஒரு அம்மா. அதிகம் பேச மாட்டார். படத்தைப் பார்த்துவிட்டு, இதை வைத்து அளக்க முடியாது என்று மட்டும் சொன்னார். நான்கு நாள் கழித்து அஞ்சலாட்சியின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஏற்றிய மருந்து சிறுநீரகத்தைச் சுட்டிருந்தது. அது தேற மூன்று வாரம் ஆனது. பிறகு அந்த டாக்டரம்மா சுமதியைக் கூப்பிட்டுச் சொன்னார். நான் தள்ளுவண்டியோடு பக்கத்தில் நின்றேன்.

"இன்னும் ஒரே ஒரு தடவ மருந்து ஏத்தலாம். அதுக்கு மேல கிட்னி தாங்காது. அதுவும் சரியா வரலன்னா தொடை வழியா வைக்க முடியாது."

"நெஞ்ச கீறி வைங்க."

"அவங்க நுரையீரல் அதுக்குத் தாங்காதும்மா."

"அப்பறம்?"

"மாத்திரைதான்."

சுமதி சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். மாத்திரை வால்வைத் திறக்காது என்று அவளுக்கு யாரோ ஏற்கெனவே சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாம் தடவைக்கு முதல் நாள் போன் செய்தேன். முதல் தடவை எதையோ தின்றுவிட்டு வந்திருக்கிறாள் என்பது என் எண்ணம். கண்டிப்பாகப் பேசினேன்.

"இந்தத் தடவ தண்ணி கூட ஆவாது யக்கா. ராத்திரியோட எல்லாத்தையும் நிறுத்திக்கோ."

"சரி தம்பி."

"ஏமாத்தக் கூடாது."

"மீனத் தவிர வேற எதுலயும் நான் ஏமாத்தனது இல்ல தம்பி."

மறுநாள் காலை பத்து மணி. வெளியே பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சலாட்சியைப் படுக்கவைத்துப் பட்டை ஒட்டினேன். திரையில் நூற்றுப் பன்னிரண்டு. பட்டை சரியாக ஒட்டவில்லையோ என்று எடுத்துவிட்டு வேறு ஒட்டினேன். நூற்றுப் பதினான்கு.

டியூட்டி டாக்டர் இளவயதுக்காரர். அன்றைக்கு அவர்தான் பொறுப்பு. நல்லவர்தான். அவசரம் பழகியவர். துடிப்பைக் குறைக்க ஊசி போடலாம் என்றார். இதய டாக்டரம்மா எதிர்க் கட்டிடத்தில் வேறு ஒருவருக்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்டிருந்தார். போன் செய்தார்கள். நர்ஸ் எடுத்தாள். டாக்டரம்மாவுக்குக் கை ஒழியவில்லை, வால்வு ரொம்ப இறுக்கம், ஊசி என்றால் பார்த்துச் செய்யச் சொன்னார் என்றாள். பார்த்துச் செய் என்றால் செய் என்றும் வைத்துக்கொள்ளலாம், செய்யாதே என்றும் வைத்துக்கொள்ளலாம். கேட்கிறவர் அவசரத்தில் இருந்தால் செய் என்றுதான் காதில் விழும்.

ஊசி மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றினார்கள். அந்த மருந்து சாதாரண ஆளுக்கு ஒன்றும் செய்யாது. கதவு பாதிகூடத் திறக்காத இதயத்தை அது திடீரென்று அடக்கினால் பிரஷர் விழும். விழுந்தால் ஏற்றுவது கஷ்டம். ஒருவருக்கு அப்படி விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். தூக்கி இறக்கும்போது வித்தியாசமாகக் கனத்தார்.

"அண்ணே, ரெடியா? பதினோரு பேரு கீறாங்க வெளிய" என்றார் டெக்னீஷியன்.

நான் அஞ்சலாட்சி பக்கம் குனிந்தேன். என் சந்தேகம் இன்னும் போகவில்லை.

"இன்னாத்துக்கு யக்கா இப்படி அடிச்சிக்குது? பயமா?"

"சந்தைல கத்தியோட குந்தியிருக்கறவ நானு. எனக்கு இன்னா பயம்."

"டீ குடிச்சியா? உண்மைய சொல்லு."

"போடாங்க. நேத்து மத்தியானம் ரெண்டு வாய் துன்னது. நீ ராத்திரியோட நிறுத்தச் சொன்ன. நான் மத்தியானத்தோட நிறுத்திக்கினேன். உன்கிட்ட பேச்சு வாங்கக் கூடாதுன்னு."

"வாயத் தொற."

திறந்தாள். முகர்ந்தேன். பட்டினி வாடைதான். என் முகத்தில் நம்பிக்கை இல்லாததைப் பார்த்து அவளுக்குக் கோபம் வந்தது. நாங்கள் போர்த்திய பச்சைத் துணிக்குக் கீழே கையை விட்டு, இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை எடுத்தாள். அதிலிருந்து இரண்டு சின்ன வெள்ளை மாத்திரையை என் உள்ளங்கையில் கொட்டினாள்.

"நம்ப மாட்டியா? இத்தப் பாரு. ராத்திரி மாத்திர, காலைல மாத்திர. ரெண்டுத்தயும் தொடல. அத்தனை சுத்தமா வந்துகீறேன்."

அது துடிப்பைக் குறைக்கும் மாத்திரை. டாக்டரம்மா ரொம்பப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, அந்த அளவில் கொண்டுவந்து நிறுத்தியிருந்த மாத்திரை.

"இத்த ஏன் யக்கா போடல?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எட்டாவது படித்தவனா நீ என்கிற மாதிரி.

"சீட்டுல இன்னா எழுதிக்கீது? சாப்பாட்டுக்கு அப்பறம். சாப்பாடே இல்லன்ற. சாப்பாட்டுக்கு அப்பறம் எங்கேர்ந்து வரும்?"

"போன தடவ?"

"போன தடவயும் காலைல போடல. நீ அப்பவும் இதத்தான சொன்ன."

சாப்பாடு இல்லை என்றால் மாத்திரை இல்லை. நம் பக்கத்து ஜனங்கள் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குடல் வெந்துவிடும் என்று என் வீட்டிலும் சொல்வார்கள். நானே போட மாட்டேன். இத்தனை பேருக்குப் போன் செய்து, வாயை முகர்ந்து பார்த்த எனக்கு, மாத்திரை போட்டீர்களா என்று ஒரு தடவை கேட்கத் தோன்றவில்லை.

அப்போதுதான் கரும்புக்காரர் மீசை ஞாபகம் வந்தது. அவர் இட்லி தின்றார். தின்றதால் மாத்திரை போட்டார். போட்டதால் படம் வந்தது. என்னிடம் பொய் சொன்ன ஒரே ஆளின் இதயம் நடைபாதையில் சட்டத்தில் தொங்குகிறது. என் பேச்சைக் கேட்டவர்களின் இதயமெல்லாம் மங்கிப்போய்ப் பெட்டியில் கிடக்கிறது.

இதையெல்லாம் இப்போது எழுத நேரம் ஆகிறது. அங்கே ஒரு நொடிதான். சிரிஞ்ச் வந்துகொண்டிருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் சும்மா இருந்திருக்கலாம். மாத்திரை போட்டாரா என்று எந்தத் தாளிலும் கட்டம் கிடையாது. யாரும் கேட்கப்போவதில்லை. ஊசி போட்டு, துடிப்பு இறங்கி, படம் வந்திருந்தால் எல்லாருக்கும் சந்தோஷம். வராமல் போயிருந்தாலும் மெஷின் மேல் பழி, இல்லை நோயாளி மேல் பழி. மூன்றாவதாக ஒரு ஆளைப் பற்றி யாரும் யோசித்ததே இல்லை. அந்த மூன்றாவது ஆள் நான்தான் என்று எனக்கு மட்டும் தெரியும். கையில் இரண்டு மாத்திரை. மூடினால் மூடியதுதான்.

நான் டாக்டருக்கும் மேசைக்கும் நடுவே போய் நின்றேன்.

"ஊசி வேணாம் சார்."

"நகருங்கண்ணே."

"வேணாம் சார்."

"வேணாம்னு சொல்ல நீங்க யாரு?"

கேள்வி சரியான கேள்வி. கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"யாரும் இல்ல சார். போன் பண்றவன்." கையை விரித்துக் காட்டினேன். "ரெண்டு வேளை மாத்திர போடல. நான் சொல்லித்தான் போடல. அதான் இப்படி ஓடுது. முன்னாடி வந்தவங்களும் இப்படித்தான் வந்துருப்பாங்க."

டெக்னீஷியன் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மைக்கில் கேட்டார்.

"அண்ணே, அப்போ இத்தனை நாளா நீங்கதானா?"

"ஆமா."

"பூசணிக்காய் வேற ஒடச்சோமே."

அஞ்சலாட்சி என்னையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னாபா, நான் சுத்தமா வந்தது தப்பா?" என்றாள்.

டியூட்டி டாக்டர் சிரிஞ்சை டிரேயில் வைத்தார். அதற்காக அவரை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். ஏற்றிய ஊசியைப் போடாமல் வைப்பது போடுவதைவிடக் கஷ்டம். என் கையிலிருந்து மாத்திரைகளை வாங்கிக்கொண்டு எதிர்க் கட்டிடத்துக்கு அவரே போனார். வெளியே பதினோரு பேர் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

கால் மணி நேரத்தில் டாக்டரம்மா வந்தார். எக்ஸ்ரேக்காகப் போடும் கனமான ஈயக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அஞ்சலாட்சியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். திரையைப் பார்த்தார். இன்னும் மருந்து ஏற்றவில்லையே என்று ஒரு தடவை கேட்டார். இல்லை என்றார்கள்.

"அப்போ ஒண்ணும் கெட்டுப் போகல. இன்னைக்கு வேணாம். வழக்கமான மாத்திரைய வழக்கம்போலப் போடட்டும். ரெண்டு நாள் கழிச்சு எடுக்கலாம். காலைல சாப்பிட்டுட்டு வரட்டும்."

"சாப்ட்டா?" என்றேன்.

"ரெண்டு இட்லி. வாந்தி எடுத்தா தொடச்சிக்கலாம்."

திரும்பிப் போகும்போது வாசலில் நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"இதுக்கு முன்னாடி மங்கலா வந்தவங்க நம்பரெல்லாம் இருக்கா உங்ககிட்ட?"

"இருக்கு."

"கேட்டுப் பாருங்க."

அவ்வளவுதான். அவர் என்னைத் திட்டவே இல்லை. அந்த வேலையை என்னிடமே கொடுத்தார்.

அஞ்சலாட்சியை வீட்டுக்கு அனுப்பும் முன் மூச்சு விஷயத்தையும் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. ஒரு தப்பு என்னுடையது என்றால் இன்னொன்றும் இருக்கலாம். டாக்டரம்மா மணிக்கட்டைப் பிடித்தபோது, போன தடவை மாதிரி முக்காதீங்க, மூச்சை அடக்கி முக்கினால் துடிப்பு குதிக்கும், மருந்தும் நேரத்துக்கு வந்து சேராது என்று அவளிடம் சொன்னதைக் கேட்டிருந்தேன். மேசையிலிருந்து இறக்கி நாற்காலியில் உட்காரவைத்தேன்.

"யக்கா, மூச்சப் புடின்னா எப்படிப் புடிப்ப? செய்யி பாப்பம்."

கன்னம் உப்பியது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"இது இன்னா மூச்சு?"

"மாசி மகத்துக்குக் கடல்ல முங்கறப்போ புடிக்கறது. நீ நல்லா புடின்னு கத்துனியே."

"முங்கற மூச்சு வேணாம். கரையில நின்னு, கட்டுமரம் வருதான்னு பாப்பல்ல. அப்போ பேசாம நிப்பியே. அந்த மூச்சு."

யோசித்தாள். வாயை லேசாக மூடிக்கொண்டு சும்மா இருந்தாள். தோள் ஏறவில்லை. கழுத்து நரம்பு எழவில்லை. பத்து எண்ணினேன்.

"இதான். வூட்ல போயி இதச் செய்."

"இதுக்கா ஆஸ்பத்திரி" என்றாள் சுமதியிடம்.

"காலைல ரெண்டு இட்லி துன்னுட்டு, மாத்திரையப் போட்டுக்கினு வா."

அஞ்சலாட்சி எழுந்து நின்று என்னைப் பார்த்தாள்.

"நெசமாவா? உன் பேச்சக் கேட்டுத்தான் ரெண்டு தடவ கெட்டுது."

"நெசமா."

அவள் நம்பவில்லை. வெளியே போய் நர்சிடம் கேட்டாள். டியூட்டி டாக்டரிடம் கேட்டாள். மருந்துக் கடையில் இருந்த பெண்ணிடமும் கேட்டாள். நியாயம்தான்.

இரண்டு நாள் கழித்து வந்தாள். வாயை முகரவில்லை. கேட்டேன். மூணு இட்லி என்றாள். ஒன்று சுமதி வற்புறுத்தி வைத்ததாம். திரையில் அறுபத்தெட்டு. அவள் வயதும் அதுதான். டெக்னீஷியனிடம் அந்தப் பெண் குரலை நிறுத்தச் சொன்னேன். மைக்கை என்னிடம் கொடுத்தார். நான் கத்தவில்லை.

"யக்கா. கட்டுமரம் வருது. பாத்துக்கினு நில்லு."

நின்றாள். படுத்தபடி நின்றாள் என்றுதான் சொல்ல வேண்டும். அறுபத்தெட்டு, அறுபத்தேழு. மருந்து ஏறியது. மேசை உள்ளே போய் வெளியே வந்தது.

"வந்துச்சா?" என்றாள்.

எனக்கும் தெரியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெக்னீஷியன் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா வந்து பக்கத்தில் நின்றார். நான் உள்ளே போய் எட்டிப் பார்த்தேன். வளையம் ஒன்றுதான் இருந்தது. உள்ளே மூன்று இதழ், மூன்றிலும் வெள்ளையாகச் சுண்ணாம்பு. டாக்டரம்மா குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு இழுத்தார். எண் வந்தது. மறுபடியும் இழுத்தார். அதே எண்.

"போதும்" என்றார்.

அந்த மாதமே தொடை வழியாக வால்வு வைத்தார்கள். பொருந்தியது.

நம்பர்களைக் கூப்பிட்டேன். சாயங்காலம் சாயங்காலமாக ஒரு வாரம். காலையில் மாத்திரை போட்டீர்களா என்று கேட்டேன். முக்கால்வாசிப் பேர் போடவில்லை. எல்லாரும் பெருமையாகச் சொன்னார்கள். நீங்க சொன்ன மாதிரியே வந்தோம் சார் என்றார்கள். அவர்களையெல்லாம் டாக்டரம்மா மறுபடி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். உறுவையாற்றுக்காரர் ஒருவரின் போனை மகன் எடுத்தான். அப்பா போன மாசம் போயிட்டாரு என்றான். இரண்டாம் ஸ்கேனுக்குத் தேதிக்காகக் காத்திருந்தவர். தேதி தள்ளிப்போனதாலா, இல்லை அவர் நேரமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இருப்பார்கள். நான் கேட்கவில்லை. அந்த நம்பரை என் போனிலிருந்து அழிக்கவும் இல்லை.

பிறகு ஒரு கூட்டம் போட்டார்கள். வால்வு நோயாளிகளின் படத்தின் தரம் உயர்ந்ததைப் பற்றி இன்ஜினியர் பேசினார். அவர் அந்த மாதம் புது மென்பொருள் போட்டிருந்தார். பழைய படம் ஒன்று, புதுப் படம் ஒன்று பக்கத்தில் பக்கத்தில் காட்டினார். இரண்டும் அஞ்சலாட்சியுடையது. கைதட்டினார்கள். நானும் தட்டினேன். டீ கொடுத்தார்கள். டெக்னீஷியன் என் பக்கம் சாய்ந்து, "அண்ணே, சாஃப்ட்வேர்ல சட்னி இருந்துதா?" என்றார்.

கரும்புக்காரர் படத்தை எடுத்துவிட்டு நடைபாதையில் அஞ்சலாட்சி படத்தை மாட்டினார்கள். மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தபோது அவளைக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

"இதுவா என்னுது?"

"உன்னுதுதான்."

கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நண்டு மாதிரி கீது. சந்தைல போட்டா எடுக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, மூச்சு வாங்காமல் நடந்து போனாள்.

இனி உங்களுக்கு. போன் செய்யும்போது நேரம் சொல்லுங்கள், துணி சொல்லுங்கள். அவர் தினமும் போடும் மாத்திரை என்ன என்று கேளுங்கள். டாக்டரிடம் கேட்டு, எதைப் போட வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். சர்க்கரை மாத்திரைக்கு வேறு கணக்கு, அதை நீங்களாகச் சொல்லாதீர்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சரி சார் என்று மட்டும் சொல்கிறவரிடம் இன்னொரு தடவை கேளுங்கள். பொய் சொல்கிறவர்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். சொன்னதை அப்படியே செய்கிறவர்கள்தான் உங்கள் பொறுப்பு.

ஒரு விஷயம் பாக்கி. நோயாளிகளுக்குக் கொடுக்கும் அச்சடித்த சீட்டு இருக்கிறதல்லவா. மேலே கொட்டை எழுத்தில் வெறும் வயிற்றில் வரவும் என்று இருக்கும். மாற்றச் சொல்லி ஆபீசில் கேட்டோம். நிறைய அச்சடித்துவிட்டோம், இருப்பு தீரட்டும் என்றார்கள். அதனால் ஒவ்வொரு சீட்டிலும் அந்த வரியை அடித்துவிட்டு, கீழே இரண்டு இட்லி, மாத்திரை, தண்ணீர் என்று கையால் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்காது. ஆனால் படிப்பார்கள்.

அலமாரிக்குக் கீழே இன்னும் ஒன்றரைப் பெட்டி சீட்டு இருக்கிறது. பேனா இடது பக்க டிராயரில்.